கம்பெனிகள் கைமாறுகின்றன – ஆட்டக்காரர்களின் கதி என்ன?

(தொழிலாளர் வாசகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நாம் பேசப்போவது அமெரிக்காவில் நடக்கும் ஒரு பந்தாட்டத்தைப் பற்றி. பஞ்சாலையில் நூல் இழைக்கும் நமக்கும், வயலில் நாற்று நடும் நமக்கும் அமெரிக்கப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு மில் கைமாறுகிறது என்று காதில் விழுந்தால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? புது முதலாளி எத்தனை ஷிப்டு ஓட்டுவான்? எத்தனை பேரை வெளியே நிறுத்துவான்? பழைய சர்வீஸ் செல்லுமா, செல்லாதா? இதே மூன்று கேள்விகள்தான் அமெரிக்காவின் வசந்தகாலக் கால்பந்து லீக்கில் ஆடும் சில நூறு பேர் முன்னாலும் நிற்கின்றன. இவர்கள் தங்கள் உரிமைக்காகப் பேசப் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அமெரிக்க உருக்குத் தொழிலாளர் சங்கம்! ஆகவே இது நமக்கு அந்நியமான கதை அல்ல.

ஆட்டமும் பருவமும்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். முட்டை வடிவமான பந்து. அதை ஏந்திக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். எதிரணியினர் பாய்ந்து மோதிச் சாய்ப்பார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் உண்டு. இருந்தும் முழங்கால் முறிகிறது, தோள் நழுவுகிறது, மண்டையில் அடிபடுகிறது. உடம்பையே முதலாகப் போட்டு ஆடும் ஆட்டம் இது.

இந்த ஆட்டத்தில் பெரிய ஸ்தாபனம் என்.எப்.எல். அதன் பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. டெலிவிஷன் கம்பெனிகள் 2023 முதல் 11 ஆண்டுகளுக்கு அதற்கு 11,000 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுக்க ஒப்பந்தம் செய்திருக்கின்றன. பிப்ரவரி முடிந்ததும் ஆடுகளம் காலி. டெலிவிஷனில் அந்த நேரமும் காலி. அந்தக் காலி நேரத்தை நிரப்பப் பிறந்ததுதான் வசந்தகால லீக். மார்ச் முதல் ஜூன் வரை, நம் கணக்கில் பங்குனி முதல் வைகாசி வரை ஆட்டம்.

இதில் ஆடுபவர்கள் யார்? பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்கள், அங்கிருந்து கழிக்கப்பட்டவர்கள், இன்னொரு முறை கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள். நம் பாஷையில் சொன்னால் மில் வாசலில் நிற்கும் பதிலிகள். பெரிய லீக்கில் புதிதாகச் சேரும் வீரருக்கு 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். வசந்தகால லீக்கில் 2024-ல் வாரத்துக்கு 5,500 டாலர், பத்து வாரத்துக்கு 55,000 டாலர். நம் கண்ணுக்கு இது பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் அது அமெரிக்கச் செலவுக்குள் கரைவது. வேலையோ ஆண்டில் சில மாதம் மட்டும். உடம்பு உடைந்தால் அதுவும் இல்லை.

மூன்று பழைய பாடங்கள்

இப்படி ஒரு லீக் நடத்தும் முயற்சி புதிதல்ல. 1983-ல் யு.எஸ்.எப்.எல். என்ற பெயரில் 12 குழுக்களோடு ஒன்று ஆரம்பித்தது. ஏ.பி.சி. டெலிவிஷன் பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டே குழுக்கள் 18 ஆயின. வசந்தகாலத்தில் கிடைக்கும் வருமானம் முதலாளிகளுக்குப் போதவில்லை. 1986 முதல் இலையுதிர் காலத்துக்கு மாறிப் பெரிய லீக்கோடு நேருக்கு நேர் மோதுவது என்று 1984-ல் தீர்மானித்தார்கள். இதற்கு முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர் நியூ ஜெர்ஸி குழுவின் சொந்தக்காரரான டொனால்டு டிரம்ப். இதற்கிடையில் 1985 மார்ச்சில் ஏ.பி.சி. கம்பெனியையே கேபிடல் சிட்டீஸ் என்ற கம்பெனி 350 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் ஆயிற்று.

இலையுதிர் கால ஆட்டத்தைக் காட்ட எந்தப் பெரிய டெலிவிஷன் கம்பெனியும் முன்வரவில்லை. லீக் கோர்ட்டுக்குப் போயிற்று. 1986 ஜூலையில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய லீக் ஏகபோகம் செய்தது என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் டெலிவிஷன் சம்பந்தமான புகார்களைத் தள்ளிவிட்டார்கள். நஷ்ட ஈடு எவ்வளவு? ஒரே ஒரு டாலர்! சட்டப்படி அது மூன்று மடங்காகி, வட்டியும் சேர்ந்து 3 டாலர் 76 சென்ட் ஆயிற்று. லீக் மடிந்தது. முதலாளிகள் தங்கள் மற்ற வியாபாரத்துக்குத் திரும்பினார்கள். ஆட்டக்காரர்களுக்குத் திரும்ப வேறு வியாபாரம் ஏது?

இரண்டாவது பாடம் 2001. எக்ஸ்.எப்.எல். என்ற லீக்கை மல்யுத்தக் காட்சி நடத்தும் கம்பெனியும் என்.பி.சி. டெலிவிஷனும் பாதிப் பாதி பங்கு போட்டு ஆரம்பித்தன. டெலிவிஷன் கம்பெனியே சொந்தக்காரன் ஆகிவிட்டதே, இனி லீக்குக்குப் பயம் ஏது என்று நினைக்கத் தோன்றும். முதல் இரவு கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். வாரா வாரம் பார்ப்பவர் தொகை சரிந்தது. ஒரே பருவம், என்.பி.சி. கையைக் கழுவியது. மே மாதம் கடை மூடப்பட்டது. இரண்டு கம்பெனிகளுக்கும் ஆளுக்குச் சுமார் 3½ கோடி டாலர் நஷ்டம். சொந்தக்காரனே ஒளிபரப்புக்காரன் என்றால் பாதுகாப்பு இல்லை. ஒரே கையெழுத்தில் இரண்டும் போய்விடும் என்பதுதான் இங்கே பாடம்.

மூன்றாவது பாடம் 2019. ஏ.ஏ.எப். என்ற லீக் பிப்ரவரியில் ஆரம்பித்தது. ஒரு வாரம் இரண்டு வாரத்துக்குள் பணமுடை. டாம் டண்டன் என்ற செல்வந்தர் 25 கோடி டாலர் வரை போடுவதாகச் சொல்லி நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். பத்து வார ஆட்டத்தில் எட்டு வாரம் முடிந்தது. ஏப்ரல் 2-ம் தேதி ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதே மாதம் 17-ம் தேதி திவால் மனு. ஆட்டக்காரர்கள் பலர் வீட்டுக்குத் திரும்பும் விமானக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டினார்கள். காயம்பட்டவர்கள் சிகிச்சைச் செலவை நினைத்துத் தவித்தார்கள். வேலைக்குச் சேரும்போது காட்டிய காகிதத்தில் மூன்று ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்று எழுதியிருந்தது. அதற்கு உத்தரவாதம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இன்றைய லீக் யார் கையில்?

2020-ல் எக்ஸ்.எப்.எல். மறுபடி உயிர் பெற்று, கொரோனா வந்து ஐந்தே வாரத்தில் நின்று, திவாலாயிற்று. அந்த லீக்கை நடிகர் டுவெயின் ஜான்சனும், அவருடைய தொழில் கூட்டாளி டேனி கார்சியாவும், ரெட்பேர்டு என்ற முதலீட்டுக் கம்பெனியும் சேர்ந்து 1½ கோடி டாலருக்கு வாங்கினார்கள். இன்னொரு பக்கம், பாக்ஸ் டெலிவிஷன் 2022-ல் பழைய யு.எஸ்.எப்.எல். பெயரில் சொந்தமாக ஒரு லீக் ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் எட்டுக் குழுக்கள். மொத்தம் பதினாறு.

2023 இறுதியில் இரண்டும் இணைந்து யு.எப்.எல். ஆயின. இணைப்புக்குப் பிறகு குழுக்கள் எத்தனை? எட்டு! பதினாறு எட்டாயிற்று. குழுவுக்கு ஐம்பது பேர் என்று வைத்தாலும் நானூறு ஆட்டக்காரர்களின் இடம் ஒரே அறிவிப்பில் மறைந்தது. பயிற்சியாளர், உதவியாளர், டிக்கெட் விற்பவர், உடுப்பு துவைப்பவர் கணக்குத் தனி. பத்திரிகைகள் இதை இரண்டு லீக்குகளின் நல்லுறவு என்று எழுதின. நம்மூரில் இதற்கு ஆட்குறைப்பு என்று பெயர்.

இந்த யு.எப்.எல்.லின் ஆட்டங்களைக் காட்டுபவர்கள் பாக்ஸும், டிஸ்னிக்குச் சொந்தமான ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என்.னும். சொந்தக்காரர்களில் முக்கியமானவர்கள் பாக்ஸும் ரெட்பேர்டும். ஆகவே லீக்கின் உயிர் மூன்று நான்கு கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கம்பெனிகளோ ஒன்றை ஒன்று விழுங்கும் போட்டியில் இறங்கியிருக்கின்றன.

விழுங்கும் போட்டி

2019 மார்ச்சில் டிஸ்னி கம்பெனி பழைய பாக்ஸ் கம்பெனியின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் வட்டார விளையாட்டுச் சானல்களும் இருந்தன. ஏகபோகம் ஆகிவிடும் என்று சர்க்கார் தடுத்ததால், 21 சானல்களைச் சின்கிளேர் என்ற கம்பெனிக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். சின்கிளேர் எந்தப் பணத்தில் வாங்கியது? பெரும்பகுதி கடன். 800 கோடி டாலருக்கு மேலான கடன், சானல்களை நடத்திய துணைக் கம்பெனியின் தலையில் ஏற்றப்பட்டது. 2023 மார்ச்சில் அந்தத் துணைக் கம்பெனி திவால் மனு போட்டது. அதே ஆண்டு மே மாதம் சான் டியாகோ பேஸ்பால் குழுவுக்குத் தர வேண்டிய பணத்தைக் கட்டாமல் விட்டது. ஆட்டத்தில் குறையில்லை, பார்ப்பவரும் இருந்தார்கள். வாங்கிய கடன்தான் கழுத்தை நெரித்தது. கொழுத்த வட்டிக்கு வாங்கிய மாட்டை வட்டி கட்ட முடியாமல் விற்பதுபோல!

இரண்டாவது, 2025 ஆகஸ்ட். பாரமவுண்ட் கம்பெனியை ஸ்கைடான்ஸ் கம்பெனி 800 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. பாரமவுண்டுக்குச் சொந்தமானது சி.பி.எஸ். டெலிவிஷன். ஸ்கைடான்ஸுக்குப் பின்னால் பணம் போட்டவர் யார்? அதே ரெட்பேர்டு! அதாவது பாக்ஸோடு கூட்டுச் சேர்ந்து வசந்தகால லீக்கை வைத்திருக்கும் கம்பெனி, பாக்ஸின் போட்டியாளரான சி.பி.எஸ்.ஸிலும் பங்குதாரர். அக்டோபர் முடிவுக்குள் பாரமவுண்டில் சுமார் ஆயிரம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். செலவில் குறைந்தது 300 கோடி டாலர் வெட்டப்போவதாக நவம்பரில் நிர்வாகம் அறிவித்தது. டிசம்பரில் அதே பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி கம்பெனியையும் எடுத்துக்கொள்ள 10,800 கோடி டாலர் மதிப்பில் ஏலம் கேட்டது. அந்த ஏலத்துக்கு முதுகு கொடுத்தவர்களிலும் ரெட்பேர்டு உண்டு.

மூன்றாவது, ஈ.எஸ்.பி.என். கம்பெனியில் பத்து சதவீதப் பங்கை என்.எப்.எல்.லே எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. சின்ன லீக்கைக் காட்டும் டெலிவிஷனில் பெரிய லீக் பங்குதாரர்! பக்கத்துப் பெரிய மில் முதலாளி, நம் மில்லுக்குப் பஞ்சு கொடுக்கும் வியாபாரியிடம் பங்கு வாங்கினால் நாம் எப்படி எடுத்துக்கொள்வோம்?

இதனால் வரும் ஆபத்து என்ன?

முதலாவது, கடன். கம்பெனியை வாங்கப் பட்ட கடனை அடைக்க எதையாவது வெட்ட வேண்டும். செய்தி, சினிமா, பெரிய லீக் எல்லாம் வருமானக் குதிரைகள். நஷ்டத்தில் ஓடும் வசந்தகால ஆட்டமோ கடைசி வரிசையில் நிற்கிறது. கத்தி முதலில் எங்கே இறங்கும்?

இரண்டாவது, போட்டியாளர் குறைவு. ஐந்து டெலிவிஷன் கம்பெனிகள் இருந்தால் ஒருவர் மறுத்தாலும் இன்னொருவரிடம் கேட்கலாம். ஐந்து மூன்றானால்? ஊரில் ஒரே நெல் வியாபாரி இருந்தால் விலை சொல்பவர் யார் என்று விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நேரம். பாக்ஸ் டெலிவிஷனில் வெள்ளி இரவுகளில் மல்யுத்தக் காட்சி நடந்து வந்தது. 2024 செப்டம்பரில் அது வேறு சானலுக்குப் போயிற்று. வெள்ளி இரவு காலி. 2025-ல் யு.எப்.எல். ஆட்டங்களைக் கொண்டுபோய் அந்த இடத்தில் அடைத்தார்கள். அந்தப் பருவத்தில் பார்ப்பவர் தொகை முந்திய ஆண்டைவிடக் குறைந்தது. நேரத்தைத் தீர்மானிப்பது ரசிகர் வசதி அல்ல. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அடைப்பு.

நான்காவது, பெரிய லீக்கின் பிடி. சி.பி.எஸ். கைமாறினால் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை மறுபடி பேச என்.எப்.எல்.லுக்கு வழி வைத்து ஷரத்து இருக்கிறது. பெரிய லீக் விலையைக் கூட்டினால் டெலிவிஷன் கம்பெனி அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கும்? சிறிய ஆட்டங்களின் பங்கிலிருந்துதான் எடுக்கும்.

"பெரிய கம்பெனி வந்தால் பெரிய பணம் வருமே! ரெட்பேர்டு தன் சி.பி.எஸ்.ஸிலும் ஆட்டத்தைக் காட்டலாமே!" என்று சிலர் வாதிக்கலாம். நடக்கக் கூடாதது அல்ல. ஆனால் நடந்ததைப் பாருங்கள். பாரமவுண்ட் கைமாறியது ஆகஸ்ட் 7-ம் தேதி. நான்கு நாள் கழித்து நிர்வாகம் ஒரு பெரிய விளையாட்டு ஒப்பந்தத்தை அறிவித்தது. யு.எப்.சி. என்ற சண்டைப் போட்டிக்கு ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர்! ஆக, பணம் இல்லாமல் இல்லை. அது எங்கே லாபம் கொழுக்குமோ அங்கே பாய்கிறது. வசந்தகால ஆட்டக்காரனின் சம்பளச் சீட்டுக்குத் தானாக வந்து சேராது.

ஊர்களின் கதி

ஆட்டம் ஆட்டக்காரர்களோடு முடிவதில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருந்த பெரிய லீக் குழுவை அதன் சொந்தக்காரர் 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தூக்கிப் போனார். ஊர் வழக்குப் போட்டு 2021-ல் 79 கோடி டாலர் சமரசத் தொகை வாங்கியது. குழு திரும்பவில்லை. அந்த ஊர் வசந்தகாலக் குழுவைத் தன் குழந்தையாகத் தத்து எடுத்துக்கொண்டது. 2024-ல் ஒரே ஆட்டத்துக்கு 40,000 பேருக்கு மேல் கூடினார்கள். சாதாரண ஜனங்களுக்கு ஆட்டத்தின்மீது உள்ள பாசம் அப்படிப்பட்டது.

ஆனால் பாசம் கணக்கில் ஏறுமா? 2025 ஜூலையில் மைக் ரெபோல் என்ற பான வியாபாரச் செல்வந்தர் லீக்கின் பங்குதாரராக வந்து நிர்வாகத்தை ஏற்றார். அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சான் அன்டோனியோ, மெம்பிஸ், மிச்சிகன் ஆகிய மூன்று குழுக்கள் இல்லை. 2026 பருவத்துக்கு லூயிவில், கொலம்பஸ், ஆர்லாண்டோ என்று மூன்று புதிய ஊர்கள். சிறிய மைதானமாக இருந்தால் டெலிவிஷனில் கூட்டம் நிரம்பித் தெரியும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. புதிய ஊர்க்காரர்களுக்கு வாழ்த்துகள். பழைய ஊர்களில் வாசலில் டிக்கெட் கிழித்தவரையும், தின்பண்டம் விற்றவரையும், மைதானம் பெருக்கியவரையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

சங்கம் செய்தது என்ன?

இனி நல்ல செய்திக்கு வருவோம். 2022-ல் பாக்ஸின் லீக்கில் ஆடியவர்கள் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்து, உருக்குத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கூட்டு ஒப்பந்தம் உருவாயிற்று. ஆட்டத்தில் இறங்குபவருக்கு வாரம் 5,350 டாலர்; இறங்காமல் காத்திருப்பவருக்கும் 2,500 டாலர். காத்திருப்பவனுக்கும் கூலி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பதிலித் தோழர்களைக் கேளுங்கள்!

லீக்குகள் இணைந்து குழுக்கள் பாதியானபோது சங்கத்தால் அந்த நானூறு இடங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அது உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் சங்கம் கலையவில்லை. 2025-ல் பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியது கையெழுத்தாகாமல் நிர்வாகம் இழுத்தடித்தபோது, பயிற்சி முகாம் காலத்திலேயே ஆட்டக்காரர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். பருவம் ஆரம்பிக்கும் முன்பே நிர்வாகம் இறங்கி வந்தது. பருவச் சம்பளம் 55,000 டாலரிலிருந்து 62,000 டாலருக்கு மேல் உயர்ந்தது. அதே லீக், அதே டெலிவிஷன், பார்ப்பவர் தொகையும் கூடவில்லை. சம்பளம் மட்டும் எப்படி உயர்ந்தது? கேட்டதால் உயர்ந்தது, சேர்ந்து கேட்டதால் உயர்ந்தது. 2019-ல் ஆட்டக்காரர்கள் தனித்தனியே கிடந்தார்கள். பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். 2025-ல் சேர்ந்து நின்றார்கள், ஒப்பந்தம் பெற்றார்கள்.

என்ன வேண்டும்?

கம்பெனிகள் கைமாறுவதை ஆட்டக்காரர்களால் தடுக்க முடியாது. ஆனால் கைமாறும்போது தங்களையும் சரக்கோடு சரக்காகக் கட்டிக் கொடுக்காமல் தடுக்க முடியும். அதற்கு நாம் காணும் வழி நான்கு.

பருவம் தொடங்கும் முன்பே முழுப் பருவத்தின் சம்பளமும் தனிக் கணக்கில் கட்டப்பட வேண்டும். எட்டாவது வாரம் முதலாளி மனம் மாறினாலும் பத்தாவது வாரக் கூலி கைக்கு வர வேண்டும்.

சொந்தக்காரன் யாராக மாறினாலும் கூட்டு ஒப்பந்தம் அவனையும் கட்டுப்படுத்த வேண்டும். மில் கைமாறினால் பழைய சர்வீஸ் தொடர வேண்டும் என்று நாம் கேட்பது இதைத்தானே?

ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, லீக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குணமாகும் வரை சிகிச்சைச் செலவு கிடைக்க வேண்டும். வீடு திரும்பும் வழிச்செலவும் அதில் சேரும்.

குழுவை எடுப்பதற்கு முன் ஊருக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும்.

இந்த நான்கும் எந்தக் கம்பெனியையும் கவிழ்த்துவிடாது. 10,800 கோடி டாலருக்கு ஏலம் கேட்பவர்கள் பங்குபெற்ற லீக், நானூறு பேரின் பருவக் கூலியை முன்கூட்டிக் கட்ட முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நானூறு பேர், ஆளுக்கு 62,000 டாலர். மொத்தம் 2½ கோடி டாலர்கூட ஆகாது. ஒரு சண்டைப் போட்டிக்கு 770 கோடி கொடுத்த கூட்டத்துக்கு இது சில்லறை.

தோழர்களே! கம்பெனியின் பெயர்ப்பலகை மாறலாம், சானலின் பெயர் மாறலாம், குழுவின் ஊரும் உடுப்பின் நிறமும் மாறலாம். பந்தை ஏந்தி ஓடுபவனும், மோதி விழுபவனும், வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவனும் மாறுவதில்லை. லாபத்தில் பங்கு கேட்காத அவனிடம் நஷ்டத்தில் மட்டும் பங்கு கேட்பது என்ன நியாயம்? மில் வாசலில் நாம் கேட்ட கேள்வி இது. அதையே அங்கே பந்தாட்டக்காரர்கள் உருக்குத் தொழிலாளர்களின் தோளோடு தோள் நின்று கேட்டிருக்கிறார்கள். பாதிப் பதில் வாங்கிவிட்டார்கள். மீதிப் பதிலையும் அவர்கள் வாங்க வேண்டும்; வாங்குவார்கள் என்று நாம் நம்புகிறோம்.